கை, வாய், கால்

கேட்டைத் திறந்ததும் இப்படித் திகைச்சு நிக்காதீங்கம்மா. நான் திருடி இல்லை. உலகம்மை. இதே மூணாவது தெருவில், அந்த நீலக் கேட்டு வீடு. காலனி நலச்சங்கத்தின் செயலாளர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்க குடிவந்து நாலு நாள்தான் ஆகுது, தெரிஞ்சிருக்க நியாயமில்லை. எல்லாரும் என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அறுபத்து மூணுன்னு சொன்னா யாரும் நம்புறதில்லை.

கையில் இருக்கிறது துரட்டி. பழைய திரைச்சீலைக் கம்பி, நுனியில் ஒரு கொக்கி. தோளில் தொங்குறது பூப்பை. மணி அஞ்சே முக்கால். பெல் அடிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன், நீங்களே திறந்துட்டீங்க.

அதோ, உங்க ஸ்கூட்டர் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கிட்டு நிக்கிறானே, அவன் இசக்கிமுத்து. அவன்னு சொல்லக்கூடாது, அவர். முப்பத்தொண்ணு வயசு. அவர்னு சொல்லணும்னு பயிற்சி மையத்து ஜெபராணி சொன்னதிலிருந்து நான் மறக்கிறதே இல்லை. அவன் நல்ல ஆள். உங்க வண்டியில் சாவி தொங்குது பாருங்க. ஐயோ, ஓடாதீங்க, ஓடாதீங்க. அவன் தொட மாட்டான். தொடாமல் நிக்கிறதுதான் இப்போ அவனுக்குப் பாடம். பாதியில் பிடுங்கிட்டீங்கன்னா பாடம் கெட்டுப்போகும்.

நான் உங்ககிட்டே ஒரு விஷயம் கேட்கணும். சின்ன விஷயம்தான். ஆனா நேரா கேட்டா உங்களுக்குப் புரியாது. முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும். அந்தப் படியில் உட்காருங்க. நான் நின்னுக்கிட்டே சொல்றேன், எனக்கு முட்டி மடங்காது.

போன வருஷம் இந்தக் காலனியில் சாவி காணாமல் போச்சு. வண்டி இல்லை, சாவி மட்டும். பால் வாங்கப் போறவங்க வண்டியிலேயே சாவியை விட்டுட்டு இறங்குவாங்க. திரும்பி வந்தா வண்டி நிக்கும், சாவி இருக்காது. என்னுதும் போச்சு. மாற்றுச்சாவியில் வண்டியை ஓட்டி, மனசுக்குள் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கிட்டு மூணு மாசம் திரிஞ்சேன். கடைசியில் பார்த்தா, மாவு ஆட்டி விக்கிற சொர்ணத்தாய் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா. அதுக்குள்ளே நாற்பத்து மூணு சாவி. சொர்ணத்தாய் மகன்தான் இந்த இசக்கி. போலீஸ்காரர் "ஏன்லே எடுத்தே?"ன்னு கேட்டதுக்கு, "எல்லாரும் மறந்துட்டுப் போறாங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன்"னு சொல்லி, டப்பாவைக் குலுக்கிக் காட்டினான். ஜல்ஜல்னு கேட்டுச்சு. போலீஸ்காரர் சிரிச்சுட்டார். நான் சிரிக்கலை. அதில் என் சாவியும் குலுங்குது.

டப்பா எப்படி மாட்டுச்சுன்னு கேட்கிறீங்களா? நாற்பத்து மூணாவது சாவி மாப்பிள்ளை கார் சாவி. மண்டபத்துக்குப் போற வழியில் டிரைவர் டீ குடிக்க இறங்கியிருக்கார். முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம். திரும்பி வந்தா சாவி இல்லை. மாப்பிள்ளை மாலையும் தலைப்பாகையுமா பால்காரர் மொபெட்டில் ஏறி, ரெண்டு பால் கேனுக்கு நடுவில் உட்கார்ந்து போய்த் தாலி கட்டினார். அந்த மாப்பிள்ளைக்கு ஒரு மாமா, அவர் வக்கீல். விடுவாரா? போலீஸை வீடு வீடாத் தேட வச்சுட்டார்.

வழக்கு ஆச்சு. டாக்டர் வந்தாங்க, பரிசோதனை பண்ணினாங்க. இவருக்குப் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவு, செஞ்சது தப்புன்னு சொன்னால் புரியும், ஆனா புரியிற விதத்தில் சொல்லணும்னு எழுதிக் கொடுத்தாங்க. ஜெயில் வேண்டாம், ஒரு வருஷம் ஊரிலேயே வச்சுப் பழக்கட்டும்னு கோர்ட்டு ஒரு திட்டத்தில் சேர்த்துச்சு. போட்டோ ஸ்டுடியோவுக்கு மாடியில் ஒரு பயிற்சி மையம் இருக்கு. ஜெபராணின்னு ஒரு பொண்ணு நடத்துது. வாரம் ரெண்டு நாள் அங்கே வகுப்பு. மத்த நாள் வீட்டில்தான்.

வீட்டில்னா எங்கே? எங்க தெருவில்! நான் உடனே ஒரு மனு எழுதினேன். இப்படிப்பட்ட ஆள் இந்தக் காலனியில் இருக்கக் கூடாதுன்னு. முப்பத்தெட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுது. மாடியேறிப் போய் ஜெபராணி கையில் கொடுத்தேன். அந்தப் பொண்ணு நிதானமா வாசிச்சுது.

"அக்கா, இசக்கிமுத்து எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வண்டிப் பக்கத்தில் நின்னார்னு ஒண்ணு விடாமல் எழுதியிருக்கீங்களே. எல்லாம் நீங்களே பார்த்ததா?"

"பார்க்காததுக்கு நான் கையெழுத்துப் போடுறதில்லை"ன்னேன்.

"இப்படி ஒரு ஆளைத்தான் நாலு மாசமாத் தேடுறோம்"னு எழுந்து நின்னு என் கையைப் பிடிச்சுக்கிச்சு.

விஷயம் என்னன்னா, அந்தத் திட்டத்தில் ஒவ்வொருத்தருக்கும் அதே தெருவைச் சேர்ந்த ஒரு துணையாள் வேணும். தினமும் கூட நடந்து, பார்த்ததை அட்டையில் குறிச்சுக் கையெழுத்துப் போடணும். துணையாள் கிடைக்கலைன்னா திட்டமே கிடையாது. அந்தப் பொறுப்பை என்கிட்டே கொடுத்துச்சு. மனு கொடுக்கப் போய்ப் பதவியோட திரும்பி வந்தது இந்தப் பாளையங்கோட்டையிலேயே நான் ஒருத்தியாத்தான் இருக்கும். என் தகுதி அந்தப் பொண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிஞ்சிருச்சு.

அட்டையில் மூணு படம். ஒரு கை, ஒரு வாய், ஒரு கால். அடுத்தவங்க பொருளைப் பார்த்தா முதல்ல கை நிக்கணும். அப்புறம் வாய் கேட்கணும். இல்லைன்னு சொன்னா கால் போகணும். அவ்வளவுதான் சட்டம். இதுக்கு முன்னாலே எத்தனையோ சட்டப் புத்தகம் பார்த்திருக்கேன், இவ்வளவு சுருக்கமா ஒண்ணும் பார்த்ததில்லை. ஒழுங்கா நடந்துக்கிட்டா அன்னிக்குக் கட்டத்தில் பச்சைப் பொட்டு. தவறினா சிவப்புப் பொட்டு. பொட்டுன்னா நெத்தியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டுதாம்மா. ஃபேன்ஸி ஸ்டோரில் அட்டை அட்டையா வாங்கி வச்சிருக்கு ஜெபராணி.

ஒரே மாசத்தில் மூணு சிவப்பு விழுந்தா வெளியூர் இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. பூட்டின கேட்டு. மாசம் ஒரு தடவைதான் ஆளைப் பார்க்கலாம். சொர்ணத்தாய் அன்னிக்குச் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து, மாவுக் கையோட என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எம்மா, நீங்கதான் பார்த்துப் போடணும்"னுச்சு. "கவலைப்படாதே, பார்த்ததைத்தான் போடுவேன்"னு சொன்னேன். ஆறுதலாச் சொன்னதுக்கு எதுக்கு அழுதுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

பாடம் நடக்கிறது தெருவில்தான். "வகுப்பில் சாவியைத் தொடாமல் இருக்கிறது பெரிய விஷயம் இல்லைக்கா, வகுப்பில் ஏது சாவி?"ன்னு ஜெபராணி சொல்லும். முதல் வாரம் சாவி இல்லாத வண்டியைக் கடந்து போகணும். ரெண்டாவது வாரம் சாவி தொங்குற வண்டி, ஜெபராணி பக்கத்தில் நிக்கும். மூணாவது வாரத்திலிருந்து நானும் அவனும் மட்டும். நமக்கு வண்டி தெரியுமே தவிர சாவி கண்ணில் படாது. அவனுக்கு அம்பதடி தள்ளியே காதில் விழுந்துடும். கொத்தாத் தொங்குற சாவி காத்தில் லேசா ஆடினாப் போதும், கழுத்து தானாத் திரும்பும்.

எனக்குக் காலையில் ஒரு மணி நேரம் நடைப்பயிற்சி உண்டு. அப்படியே பூஜைக்குப் பூவும் சேர்த்துக்குவேன். ஏழு வீடு. தனுஷ்கோடி அண்ணாச்சி வீட்டில் அடுக்குச் செம்பருத்தி, மூலை வீட்டில் அரளி, உங்க வீட்டில் இந்த நந்தியாவட்டை. உங்க வீடு ரெண்டு வருஷம் பூட்டிக் கிடந்துதா, இந்தச் செடிக்கு என் கை நல்லாப் பழக்கம். ஒரே நடையில் ரெண்டு வேலையும் முடியட்டும்னு இசக்கியைக் காலையிலேயே கூட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சேன். அங்கேதான் வந்தது வினை.

முதல் நாளே கேட்டான். "கேட்டீங்களாக்கா?"

"யாரை?"

"பூ வீட்டுக்காரங்களை."

"கிளை மதிலைத் தாண்டி வெளியே வந்திருக்கு பாரு. வெளியே வந்தது தெருவுக்குச் சொந்தம்"னு சொன்னேன். எல்லை விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. நான் பார்க்காத பத்திரமா?

அவன் கிளையைப் பார்த்தான். அப்புறம் வரிசையா நிக்கிற வண்டிகளைப் பார்த்தான். "வண்டியும் தெருவுலதான் நிக்குது."

"அது வேற, இது வேற. பூ சாமிக்கு."

மறுநாள் பால்பூத் பக்கம் ஒரு புது மோட்டார் பைக். சாவியில் வெள்ளிக் கலரில் ஒரு மணி. இசக்கி நின்னுட்டான். கை ரெண்டும் பின்னால். என்னைத் திரும்பிப் பார்த்து ரொம்ப மரியாதையாக் கேட்டான்: "இதை எடுத்துச் சாமிகிட்டே வச்சாப் பரவாயில்லையா?"

நேரா ஜெபராணிகிட்டே போய்ப் புகார் சொன்னேன், உங்க ஆள் எதிர்த்துப் பேசுறான்னு. அந்தப் பொண்ணு நோட்டை எடுத்து வேகவேகமா எழுதுது. "சாவிக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தானாவே பூவுக்கும் கொண்டு போயிட்டாரா! அக்கா, இந்த ஒண்ணுக்குத்தான் நாங்க மாசக்கணக்காப் பாடுபடுறோம். எப்படிச் சாதிச்சீங்க?"

இப்படிக் கேட்டா என்ன சொல்றது? "ஏதோ என்னால் முடிஞ்சது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இசக்கி அன்னிக்கு ஜெபராணிகிட்டே இன்னொரு அட்டை கேட்டு வாங்கினான். தொலைஞ்சா உதவும்னு கையிருப்புக்கு வாங்குறான்னு நினைச்சேன். பொட்டும் ரெண்டு அட்டை வாங்கிக்கிட்டான். ரெண்டும் சிவப்பு.

அந்த மாசம்தான் ஆறு மாசத்துக்கான பரிசீலனை. மாசத் தொடக்கத்திலேயே அவனுக்கு ரெண்டு சிவப்பு விழுந்திருந்துச்சு. ஒரு நாள் பால்காரர் மொபெட் சாவி பாக்கெட்டுக்குள்ளே போயிருச்சு. அடுத்த மூலை வரைக்கும் போய்த் திரும்பி ஓடி வந்து கொடுத்துட்டான், ஆனாலும் போனது போனதுதானே. இன்னொரு நாள் "எடுக்கட்டுமா?"ன்னு கேட்டான், பதில் வர்ற வரைக்கும் நிக்கலை. ரெண்டையும் பார்த்தேன், ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன். அதுக்கப்புறம் இருபது நாள் வரிசையாப் பச்சை. பரிசீலனைக்கு மூணு நாள் இருக்கு.

வெள்ளிக்கிழமை. அம்மனுக்குச் செம்பருத்தி வேணும். தனுஷ்கோடி அண்ணாச்சி வீட்டில் கீழ்க்கிளை எல்லாம் காலி. யார் பறிச்சாங்களோ. சரி, வியாழக்கிழமை நான்தான் பறிச்சேன். மேல்கிளை எனக்கு எட்டாது. இசக்கி நல்ல உயரம். துரட்டியை நீட்டினேன்.

"கேட்டீங்களாக்கா?"

"கேட்டாச்சு."

அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். யோசிச்சுப் பார்த்தா அது முழுப் பொய்யும் இல்லை. தனுஷ்கோடி அண்ணாச்சி என்னிக்காவது எனக்கு இல்லைன்னு சொல்லியிருக்காரா? கிடையாது. நான் கேட்டதும் கிடையாது, அதை விடுங்க. இசக்கி துரட்டியை வாங்கினான், கிளையை வளைச்சான். பதினொரு பூ. நான் தெருவில் நின்ன ஒரு கார் மறைவில் குனிஞ்சு பொறுக்கிக்கிட்டிருந்தேன். மடக்குன்னு ஒரு சத்தம். கிளை ஒடிஞ்சு தொங்குது. ரெண்டு பேரும் நடையைக் கட்டினோம். அன்னிக்கு முட்டிவலி இருந்த இடமே தெரியலை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். அவர் தபால் துறையில் அதிகாரியா இருந்தவர். கையில் எழுதின புகார். "சாவித் திருடன் பூத்திருட ஆரம்பிச்சுட்டான். ஜன்னல் வழியா என் கண்ணாலே பார்த்தேன். துரட்டியோட நின்னான். திங்கட்கிழமை விசாரணையாமே, இதைச் சேர்த்து அனுப்பணும். செயலாளர் கையெழுத்துப் போடும்மா."

நான் எங்கே நின்னேன்னா, பூஜை அலமாரிக்கு முன்னால். எனக்குப் பின்னால் பதினொரு செம்பருத்தியும் அவரையே பார்த்துக்கிட்டிருக்கு. ரெண்டு பக்கமும் முந்தானையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, "அணில் ஒடிச்சிருக்குமோ அண்ணாச்சி?"ன்னேன்.

"அணிலுக்குத் துரட்டி ஏது?"

"காத்து பலமா இருந்துதே காலையில்."

"காத்து கட்டம் போட்ட சட்டை போட்டிருந்துச்சா?"

"சங்க விதிப்படி எந்தப் புகாரையும் ஒரு வாரம் வச்சுப் பரிசீலிக்கணும்"னேன். அப்படி ஒரு விதி அதுவரைக்கும் இல்லை. அப்போ எழுதினதுதான்.

"நீ வச்சுப் பரிசீலி. நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார். தபால்காரரோட மோதக் கூடாதும்மா.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இசக்கி எப்பவும் போல வந்தான். எனக்குத்தான் உடம்பு சரியில்லை. பூப்பறிக்கப் போகலை. சொர்ணத்தாய் ஒரு கிண்ணம் மாவு கொடுத்தனுப்பிச்சு. அந்த மாவில் ஊத்தின தோசையை ஒரு வாயோட மூடி வச்சுட்டேன். மாவில் உளுந்து கூடிப்போச்சுன்னு நினைக்கிறேன்.

திங்கட்கிழமை, போட்டோ ஸ்டுடியோ மாடி. நன்னடத்தை அலுவலர் ஹமீது சார் நடுவில். இந்தப் பக்கம் ஜெபராணி, அந்தப் பக்கம் அண்ணாச்சி, ஓரத்தில் சொர்ணத்தாய். மேசையில் இசக்கியோட அட்டை. சார் அண்ணாச்சி புகாரை வாசிச்சு முடிச்சார்.

"இசக்கிமுத்து, செம்பருத்திக் கிளையை வளைச்சீங்களா?"

"வளைச்சேன் சார்."

"வீட்டுக்காரர்கிட்டே கேட்டீங்களா?"

இசக்கி என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கேட்கலை சார்."

அக்கா கேட்டாச்சுன்னு சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா? சொல்லலை. அப்புறமா ஒரு நாள் அதைக் கேட்டேன். "அட்டையில என் வாய்தான் இருக்கு. உங்க வாய் இல்லை"ன்னு சொல்லிட்டார். விசாரணை அன்னிக்கு யாரும் கேட்காமலேயே சட்டைப் பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தார். ஒரு சிவப்பை உரிச்சார். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் இருந்த பச்சைக்கு மேலே, ஓரம் மடங்காமல், அழுத்தி ஒட்டினார். மூணாவது சிவப்பு. ஒட்டி முடிச்சுட்டு ஹமீது சாரை நிமிர்ந்து பார்த்து, "எந்த பஸ்ல சார் போகணும்?"னு கேட்டார்.

சொர்ணத்தாய்கிட்டேயிருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அழுகைன்னு சொல்ல முடியாது. மாவு ஆட்டுற கிரைண்டரைத் திடீர்னு நிறுத்தினா ஒரு சத்தம் வருமே, அது.

சார் அட்டையை என் பக்கம் தள்ளினார். "துணையாள், பார்த்ததாக் கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுத்தேன். பார்த்தேனா? பார்த்தேன். என்னை விட நல்லாப் பார்த்தவங்க யாரு? முப்பத்திரண்டு வருஷத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை நான் மூடினதே இல்லை. அன்னிக்கு மூடினேன்.

"சார், இந்த ஆவணத்தில் பிழை இருக்கு"ன்னேன்.

"என்ன பிழை?"

"ஆள் மாறியிருக்கு. பூவைக் கேட்காமல் எடுத்தது நான். கேட்டாச்சுன்னு இவர்கிட்டே சொன்னதும் நான். இவர் என்னை நம்பினார், அது ஒண்ணுதான் இவர் பேரில் இருக்கிற குத்தம்."

சொல்லிட்டு அந்தச் சிவப்புப் பொட்டை நகத்தால் மெல்ல உரிச்சு எடுத்தேன். கீழே பச்சை அப்படியே இருந்துச்சு. இப்போ பொட்டு என் விரல் நுனியில். எங்கே வைக்கிறது? மேசையில் ஒட்டலாமா, அது அலுவலகச் சொத்து. கோப்பில் ஒட்டலாமா, அது கோர்ட்டு ஆவணம். வேற இடம் தெரியாமல் என் நெத்தியிலேயே ஒட்டிக்கிட்டேன். ஏற்கெனவே ஒரு பொட்டு இருந்துச்சு, அதுக்கு மேலே.

"உலகம்மை, நீயா!"ன்னார் அண்ணாச்சி. "அப்போ என் செம்பருத்தி பத்து வருஷமா..."

"பதினாலு வருஷம் அண்ணாச்சி"ன்னேன். தேதி விஷயத்தில் நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து இசக்கி சட்டைப் பையில் கையை விட்டு, நாலா மடிச்ச அந்த ரெண்டாவது அட்டையை எடுத்து விரிச்சார். மேலே ஒரு பொம்மை வரைஞ்சிருக்கு. கையில் துரட்டி, தோளில் பை, கொண்டை. கீழே கட்டம் கட்டமாச் சிவப்பு. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது.

"நெத்தியில வேண்டாம்க்கா. இதுல ஒட்டுங்க. இடம் இருக்கு."

ஹமீது சார் கண்ணாடியைக் கழட்டினார், துடைச்சார், திரும்ப மாட்டினார், மறுபடியும் கழட்டினார். ஜெபராணி மேசைக்குக் கீழே எதையோ தேடப் போயிருச்சு, ரொம்ப நேரம் மேலே வரலை.

இசக்கிக்கு அந்த மாசம் ரெண்டே சிவப்பு. ஊரிலேயே இருக்கலாம்னு எழுதிட்டார் சார். ஆனா விதியை மீறின துணையாளை எப்படித் துணையாளா வச்சுக்கிறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. வேற யாராவது வர்றாங்களான்னு அந்த முப்பத்தெட்டுக் கையெழுத்தையும் ஒவ்வொருத்தராக் கேட்டுப் பார்த்தாங்க. கையெழுத்துப் போட்ட ஒரு கையும் நீளலை. துணையாள் இல்லைன்னா திட்டம் இல்லை, திட்டம் இல்லைன்னா பூட்டின கேட்டுதான். கடைசியில் ஜெபராணி ஒரு யோசனை சொல்லுச்சு. எனக்கும் ஒரு அட்டை. அதே கை, வாய், கால். என் அட்டையில் பொட்டு வைக்கிறவர் இசக்கி. எனக்கு ஒரு மாசத்தில் மூணு சிவப்பு விழுந்தா நான் துணையாள் இல்லை. நான் துணையாள் இல்லைன்னா அவர்... சொல்லிட்டேனே.

இன்னிக்குத் தேதி இருபத்தேழு. எனக்கு ரெண்டு சிவப்பு விழுந்தாச்சு.

நியாயமா விழுந்ததுன்னு நினைக்கிறீங்களா? ஒண்ணு, மூலை வீட்டில் கீழே உதிர்ந்து கிடந்த அரளியைப் பொறுக்கினேன். உதிர்ந்ததுக்கு என்ன கேட்கிறது? "கீழே விழுந்த சாவி?"ன்னு கேட்டார், வாயை மூடிக்கிட்டேன். இன்னொண்ணு, அண்ணாச்சி வாசலில் நின்னுக்கிட்டு, "செம்பருத்தி நல்லாப் பூத்திருக்கே அண்ணாச்சி"ன்னு சொன்னேன். அவரும் "ஆமா"ன்னார். நான் பறிச்சேன். "அது கேள்வி இல்லைக்கா"ன்னு சிவப்பை ஒட்டிட்டார் இவர். அண்ணாச்சி அங்கேயே நின்னு கைதட்டுறார்!

உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? நான் இதுவரைக்கும் யார்கிட்டேயும் எதையும் கேட்டதில்லை. அலுவலகத்தில் எல்லாரும் என்கிட்டேதான் வந்து கேட்பாங்க. "மேடம், இன்னிக்குப் பத்திரம் கிடைக்குமா?"ன்னு நிப்பாங்க. நான் நிமிர்ந்து பார்க்காமலேயே நாளைக்கு வாங்கன்னு சொல்லுவேன். கேட்டுக்கிட்டு நிக்கிறது எப்படி இருக்கும்னு நான் யோசிச்சதே கிடையாது.

அதனாலதான் முதல்லேருந்து சொன்னேன். உங்க நந்தியாவட்டை இந்தப் பக்கம் எவ்வளவு பூத்திருக்கு பாருங்க.

என்ன இசக்கி? தெரியும், தெரியும், அது கேள்வி இல்லை.

பூவைச் செடியிலேயே விட்டா மத்தியானத்துக்குள்ளே வாடிரும்மா, வீணாப் போகும்.

அதுவும் இல்லையா? சரி.

உங்களுக்கே ஏதாவது தோணுச்சுன்னா... சரி, சரி, அதுவும் இல்லை. இருப்பா, கேட்கத்தானே போறேன்.

என்ன இசக்கி, நீங்க கேட்கணுமா? கேளுங்களேன், எனக்கு அவசரம் இல்லை.

பார்த்தீங்களாம்மா? "உங்க வண்டியில சாவி இருக்கு, எடுத்து உங்ககிட்ட தரவா?" ஒரே மூச்சு. முடிஞ்சுது. இப்போ பாருங்க, நீங்க பதில் சொல்ற வரைக்கும் கை பின்னாலேயே இருக்கும். தலையாட்டினாப் போதாது, வாயைத் திறந்து சொல்லுங்க. ஆ, சொல்லிட்டீங்க. பாருங்க எடுக்கிறதை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குலுக்கிட்டுக் கொடுத்துட்டார். குலுக்கினதுக்கு அட்டையில் கட்டம் கிடையாது. வாங்கிக்கோங்க. இனிமே வண்டியில் விடாதீங்க. எல்லாத் தெருவிலும் இசக்கி மாதிரி ஆள் இருக்க மாட்டாங்க.

இப்போ நான்.

அம்மா, உங்க செடியிலிருந்து எட்டுப் பூ பறிச்சுக்கலாமா?

...

என்னது?

வேண்டாமா? செடியிலேயே இருக்கட்டும்னு பிரியப்படுறீங்களா? எட்டு வேண்டாம், ஒரு நாலு... இல்லை இசக்கி, நான் மறுபடியும் கேட்கலை, காதில் சரியா விழுந்துதான்னு பார்த்தேன். விழுந்துச்சு. நல்லா விழுந்துச்சு. கை நின்னுது, வாய் கேட்டுது, இதோ கால் போகுது. முட்டியோட போகுது, கொஞ்சம் பொறு.

அங்கே பாருங்க, அட்டையை எடுக்கிறார். இல்லைன்னு சொன்னாலும் பச்சைதாம்மா. இல்லைன்னு சொன்னாத்தான் ரொம்ப அழுத்தி ஒட்டுவார்.

அடுத்தது எட்டாம் நம்பர் வீடு. அவங்களும் புதுசு, போன மாசம்தான் வந்தாங்க. பவழமல்லி வச்சிருக்காங்க. விளக்குப் போட்டாச்சு, எழுந்துட்டாங்க. அவங்களுக்கும் இதை முதல்லேருந்து சொன்னாத்தான்...

என்ன இசக்கி?

கதை வேண்டாமா? கேள்வி மட்டும் போதுமா?

பார்த்தீங்களாம்மா? முப்பத்தொண்ணு வயசு ஆள், என்னமா அவசரப்படுறார்!